முகத்தைச் சீரமைப்பதா, மாற்றுவதா?

தீ, ஆசிட், துப்பாக்கிக் குண்டு, விலங்கு கடி, பிறவி நோய். காரணம் எதுவானாலும், முகம் சிதைந்த ஒருவருக்கு இன்றைய மருத்துவம் காட்டும் வழிகள் நான்கு. காயம் ஆறியதும் இருப்பதோடு வாழப் பழகுவது. சிலிகானில் செய்த மூக்கையோ காதையோ மாட்டிக்கொள்வது. தன் உடம்பிலிருந்தே தோலும் தசையும் எலும்பும் எடுத்துப் படிப்படியாகச் சீரமைத்துக்கொள்வது. கடைசியாக, மூளைச்சாவு அடைந்த இன்னொருவரின் முகத்தைப் பொருத்திக்கொள்வது. முதல் மூன்றும் பழையவை. நான்காவது 2005இல் வந்தது. வந்த நாளிலிருந்து, "அப்படியென்றால் அந்த ஆள் இனி யார்?" என்ற கேள்விதான் எல்லோர் வாயிலும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி அற்பமானது இல்லை. ஆனால் முடிவெடுக்க உட்காரும்போது அது வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். முன்னால் நிற்க வேண்டியவை வேறு இரண்டு: வாயும் இமையும் மூடுமா? பொருத்திய முகம் ஒருநாள் கெட்டுப்போனால் என்ன செய்வது?

முதல் வழியை "அது ஒரு வழியா?" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் அப்படி ஒதுக்கவில்லை. 18 வயதில் கார் தீப்பிடித்து முகம் வெந்துபோனவர். 1992இல் பிரிட்டனில் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, 2020இல் இறக்கும்வரை ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: முறைத்துப் பார்க்கிற சமூகத்தை விட்டுவிட்டு, பார்க்கப்படுகிறவரை மட்டும் ஆபரேஷன் மேஜையில் ஏற்றுவது என்ன நியாயம்? முதல் உலகப்போரின்போது லண்டனை அடுத்த சிட்கப்பில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கிருந்து ஊருக்குப் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் திடுக்கிடாமல் இருக்க முன்னெச்சரிக்கை! அந்த நீலம் சிப்பாய்க்காகப் பூசப்பட்டதல்ல. பார்ட்ரிட்ஜின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனாலும் அது ஓர் எல்லைவரைதான் செல்லும். உதடு இல்லாதவருக்குக் கஞ்சி வாயில் நிற்காது. இமை இல்லாத கண் காய்ந்து பார்வை போய்விடும். அதற்கெல்லாம் ஊரைத் திருத்தினால் போதாது.

செயற்கை உறுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே போரின் முடிவில் அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி பாரிஸில் ஒரு பட்டறை வைத்து, பழைய போட்டோவைப் பார்த்து மெல்லிய செம்பில் முகமூடி செய்து வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அது சிரிக்காது, ஆளுக்கு வயது ஏற ஏற அது மட்டும் இளமையாகவே இருக்கும். இன்றைய சிலிகான் எவ்வளவோ மேல். எலும்பில் திருகிய ஆணிகளில் காந்தம் வைத்து மாட்டுகிறார்கள். காது, மூக்கு, கண்குழி போன்றவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். நிறம் மங்கும், நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் இன்னும் சீக்கிரம் மங்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். அசைய வேண்டிய வாய்க்கு அதனால் பயனில்லை.

ஆக, உண்மையான போட்டி மூன்றாவது வழிக்கும் நான்காவது வழிக்கும்தான்.

தன் சதையால் தன் முகத்தைச் சீரமைப்பதில் நம் நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கு வைத்ததை லண்டன் மாத இதழ் ஒன்று 1794இல் படத்தோடு வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள். இன்று தொடையிலிருந்தும் முன்கையிலிருந்தும் ரத்தக்குழாயோடு சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் கழுத்துக் குழாயில் இணைக்கிறார்கள். காலில் உள்ள சிற்றெலும்பை வளைத்துத் தாடையாக்குகிறார்கள். ஒட்டியது தன் சதை என்பதால் உடம்பு அதை விரட்டாது. வாழ்நாள் மருந்து கிடையாது. ஓர் ஒட்டு அழுகிப்போனாலும் வேறு இடத்திலிருந்து இன்னொன்று எடுக்கலாம். மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன்: இந்த வழியில் நடுவில் நிறுத்தலாம், யோசிக்கலாம், அப்புறம் தொடரலாம்.

குறை என்ன? தொடைத்தோல் கன்னத்தில் உட்கார்ந்தால் பட்டுப்புடவையில் காடாத்துணியால் ஒட்டுப் போட்ட மாதிரிதான் தெரியும். கிளீவ்லாந்தில் 2008 டிசம்பரில் முகமாற்று பெற்ற கானி கல்ப், அதற்கு முன் சுமார் முப்பது ஆபரேஷன்களைத் தாண்டி வந்தவர். தோற்றத்தைக்கூட விடுங்கள். வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வளையமாக ஓடும் தசைக்கு மாற்றாக எடுத்து ஒட்ட உடம்பில் வேறெங்கும் தசை இல்லை. தொடையிலிருந்து ஒரு தசைத் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து ஒருபக்கச் சிரிப்பை வரவழைக்கலாம்; ஆனால் குவியும், மூடும், உறிஞ்சும் உதட்டை எதைக்கொண்டு செய்வது? ஐம்பது ஆபரேஷன் செய்தாலும் அங்கே ஒரு துவாரம்தான் கிடைக்கும், வாய் கிடைக்காது. இன்னொருவர் முகம் என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்ததே இந்த ஒரு காரணத்தால்தான்.

பிரான்ஸில் இசபெல் தினுவாருக்கு நடந்ததும் அதுதான். 2005 மே மாதம், மாத்திரை மயக்கத்தில் கிடந்தவரின் மூக்கையும் உதடுகளையும் முகவாயையும் வளர்ப்பு நாய் கடித்து எடுத்துவிட்டது. அவருக்கு வயது 38. நவம்பர் 27ஆம் தேதி ஆமியான் நகரில் பெர்னார் தவோஷெல், ழான்-மிஷேல் துபர்னார் குழுவினர் மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் மூக்கு-வாய்ப் பகுதியை அவருக்குப் பொருத்தினார்கள். கொடையாளரின் முன்கையிலிருந்து ஒரு சிறு தோல்துண்டையும் எடுத்து மார்புக்குக் கீழே ஒட்டினார்கள். உடம்பு புதுச் சதையை எதிர்க்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் முகத்தில் கத்தி வைக்காமல் அங்கிருந்து துளி எடுத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. 18ஆம் நாளும் 214ஆம் நாளும் எதிர்ப்பு வந்தது, மருந்தால் அடக்கினார்கள். பதினான்கு வாரத்தில் தொடு உணர்ச்சி, நான்காம் மாதம் சூடும் குளிரும், பத்தாம் மாதம் உதடு முழுதாக மூடியது. இதை வேறு எந்த ஆபரேஷனும் கொடுத்திருக்க முடியாது.

சரி, விலை? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறுவை மருத்துவ இதழில் 2024இல் வந்த கணக்கு, 11 நாடுகளில் 48 பேருக்கு நடந்த 50 முகமாற்றுகளைப் பார்க்கிறது. ஐந்து ஆண்டு தாண்டி நிலைத்தவை 85 சதவீதம், பத்து ஆண்டு தாண்டியவை 74 சதவீதம். இவ்வளவு புதிய ஆபரேஷனுக்கு இது நல்ல கணக்கு என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், பத்தாண்டில் ஏறக்குறைய நாலில் ஒன்று நிலைக்கவில்லை. முகம் நிலைத்தாலும், உடம்பின் எதிர்ப்பை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று மாத்திரைகள் உயிர் உள்ளவரை. தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகச் சேதம், புற்றுநோய் என எல்லாவற்றின் வாய்ப்பையும் அவை கூட்டும். உறுப்புகளிலேயே உடம்பு அதிகமாக எதிர்ப்பது தோலைத்தான், அதனால் மருந்தில் கஞ்சத்தனம் காட்டவும் முடியாது. முகம் தவிர வேறு எந்த வியாதியும் இல்லாத ஒருவர், இந்த ஆபரேஷனோடு வாழ்நாள் நோயாளி ஆகிவிடுகிறார். தினுவார் 2015 குளிர்காலத்தில் மறுபடி வந்த எதிர்ப்பால் உதட்டின் அசைவைப் பாதி இழந்தார். 2016 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். வயது 49.

சிறுநீரக மாற்றோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் இருக்கிறது. ஒட்டிய கை பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். 1998இல் லியோனில் கை பொருத்தப்பட்ட முதல் நபர் மருந்தை நிறுத்திவிட்டு, 2001இல் அந்தக் கையை எடுக்கச் சொன்னார். முகத்தை எடுத்தால் கீழே என்ன இருக்கும்? பாரிஸில் லொராங் லாந்தியேரி என்ற மருத்துவரிடம் 2010இல் முகம் பெற்ற ஜெரோம் ஆமோனுக்கு இதற்கான பதில் தெரியும். சாதாரணச் சளிக்குக் கொடுத்த ஓர் ஆன்டிபயாடிக் அவருடைய மருந்துகளோடு ஒத்துப்போகாமல், சில ஆண்டுகளில் முகம் அழுகத் தொடங்கியது. 2017 இறுதியில் அதை எடுத்தார்கள். இமை இல்லை, காது இல்லை, தோல் இல்லை. பேச முடியாது, சாப்பிட முடியாது. ஏறக்குறைய இரண்டு மாதம் மருத்துவமனைப் படுக்கையில் அப்படியே காத்திருந்தார். 2018 ஜனவரியில் 22 வயதுக் கொடையாளர் ஒருவரின் முகம் கிடைத்தது. தனக்கு 43, முகத்துக்கு 22, ஆகவே இருபது வயது குறைந்துவிட்டது என்று அவர் அப்புறம் கிண்டலடித்தார். உலகத்தில் இரண்டு முறை முகம் மாற்றியவர்களில் முதல்வர் அவர். கொடையாளர் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்?

இப்போது, "அந்த ஆள் யார்?"

சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்தது தவறு. முகத்தோலை எடுத்து இன்னொருவருக்குப் போர்த்தினால் இறந்தவர் நடந்து வருவதில்லை. அடியிலிருக்கும் எலும்பு பெறுபவருடையது என்றால் தோலும் அதன்மேல் படிந்து அவருக்கே உரிய ஒரு வடிவம் எடுக்கிறது. தாடை எலும்பையும் சேர்த்து மாற்றினால் கொடையாளரின் சாயல் கொஞ்சம் கூடுகிறது. எப்படியும் வருவது மூன்றாவதான ஒரு முகம். உடம்பும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. 2017இல் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் பேருந்து விபத்தில் இரு கைகளையும் இழந்த ஒரு மாணவிக்குக் கேரள இளைஞர் ஒருவரின் கைகளைப் பொருத்தினார்கள். பருமனும் கருமையுமாக இருந்த அந்தக் கைகள் போகப்போக மெலிந்து, நிறமும் மாறி, அந்தப் பெண்ணின் உடம்போடு ஒட்டிப்போனது மருத்துவர்களுக்கே ஆச்சரியம்.

அதற்காக உள்ளுக்குள் உறுத்தலே இல்லை என்று சொல்ல வரவில்லை. தினுவார் சொன்னவற்றில் இரண்டு விஷயங்களை மறக்க முடியாது. புது வாயின் உட்புறத்தை நாக்கால் தொட்டபோது, அது இன்னொருத்தியுடையது என்ற எண்ணம் அவரைக் குமட்டியது. பிறகொரு நாள் முகவாயில் ஒரு முடி முளைத்திருந்தது. அவருக்கு அங்கே முன்பு முடி இருந்ததே இல்லை. உயிர் கொடுத்து வளர்ப்பது தான், முடி அவளுடையது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவரைக் கவனித்த மருத்துவர்கள் எழுதிவைத்ததையும் பாருங்கள்: உதடு அசைய அசையத்தான் முகம் அவருக்குச் சொந்தமானது. மனப்பக்குவம் முதலில் வந்து முகத்தை ஏற்கவில்லை. சாப்பிட்டு, பேசி, முத்தமிட்டு, அந்த வேலைகளின் வழியாக அது தன்னுடையதாயிற்று.

பார்வை இல்லாதவருக்கு எதற்கு முகமாற்று என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நடுவிலேயே வாதம் இருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முடியாதவருக்கு இவ்வளவு ஆபத்து எதற்கு என்பது வாதம். போஸ்டன் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் 2011இல் அமெரிக்காவின் முதல் முழு முகமாற்றைப் பெற்ற டல்லஸ் வீன்ஸ் பார்வை இழந்தவர். மின்கம்பியில் பட்டு முகமே வழுவழுப்பான தோலாகிப்போனவர். அவர் கேட்டது கண்ணாடியை அல்ல. சின்ன மகள் கொடுக்கும் முத்தம் தனக்குத் தெரிய வேண்டும் என்றார். மோப்பம் திரும்பியதும் முதலில் மணத்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த லசான்யா என்ற இத்தாலிய உணவு! கண்ணாடியை வைத்து அடையாளத்தை அளக்கிறவர்கள் இந்த ஒருவரிடமே தோற்றுப்போகிறார்கள்.

எதிர்ப்பக்கம் ராபர்ட் செல்சி. கார் விபத்தில் தீக்காயம் பட்டு உதடுகளையும் மூக்கில் ஒரு பகுதியையும் இழந்த கருப்பின அமெரிக்கர். அவருக்குக் கொடையாளர் முகம் ஒன்று வந்தபோது, தன்னைவிட வெகு வெளுப்பான நிறம் என்று வேண்டாம் எனச் சொல்லிவிட்டார். காத்திருந்து, 2019இல் 68 வயதில், தன் நிறத்துக்கு நெருங்கிய முகத்தைப் பெற்றார். உதடு இல்லாமல் இன்னும் பல மாதம் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்றால், அடையாளம் என்பது வெறும் தத்துவப் பேச்சு இல்லை. ஆனால் கவனியுங்கள், அந்தக் கோட்டைப் போட்டது அவர். நெறிமுறைக் குழு போடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழுக்கள் வேறொன்றில் சரியாகவே பயந்தன. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 2003இல் இப்போதைக்கு வேண்டாம் என்றது. 2006இல் கடும் நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. லண்டனில் அனுமதியும் கிடைத்தது, ஆனால் பிரிட்டனில் இன்றுவரை ஒரு முகமாற்றுகூட நடக்கவில்லை. பிரான்ஸின் தேசிய நெறிமுறைக் குழு 2004இல் சொன்னது இன்னும் கூர்மையானது: இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் தரும் 'தகவலறிந்த சம்மதம்' ஒரு மாயைதான். கண்ணாடியைப் பார்க்க முடியாமல், தெருவில் இறங்க முடியாமல் கிடப்பவரிடம் எந்த ஆபத்தைச் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார். அதற்காக அவருக்கு முடிவெடுக்கும் உரிமையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது வழியில் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்த்தவரின் சம்மதத்துக்கும், காயம்பட்ட ஆறாம் மாதமே கேட்டு வாங்கிய சம்மதத்துக்கும் எடை வேறு என்றுதான் சொல்வேன். தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பிழைத்தவர்கள் முகம் பெறும்போது இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஆண்டுக்கணக்கில் மனநல மருத்துவர் கூடவே இருந்தாக வேண்டும். இதோடு பத்திரிகைகள் வேறு. தினுவாரின் பெயரும் வீடும் கசிந்து, ஊரே படம்பிடிக்க வந்தது. பழைய முகத்துக்கு ஊர் வெறித்தது என்று புதுமுகம் வாங்கினால், அதற்கும் வெறித்தது.

கொடுக்கும் குடும்பத்தின் பக்கம் இரண்டு நாடுகள் இரண்டு விதமாக நடக்கின்றன. பிரான்ஸ் சட்டத்தில் கொடையாளர் யாரென்று பெறுபவருக்குத் தெரியக்கூடாது. அமெரிக்காவில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவராக இருந்தாலும் முகத்துக்குக் குடும்பத்திடம் தனியாக அனுமதி கேட்கிறார்கள். இரு தரப்பும் விரும்பினால் சந்திக்கலாம். மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் 2016இல் முகம் பெற்ற ஆண்டி சான்ட்னஸைக் கொடையாளரின் இளம் மனைவி மறு ஆண்டு சந்தித்தார். கணவரையே பார்க்க நேருமோ என்ற பயம் அவருக்கு. பார்த்தபோது எதிரில் நின்றது வேறொருவர். தாடி நடுவே முடி முளைக்காத சிறு இடம் மட்டும் அப்படியே கணவருடையது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிரெஞ்சு ரகசியத்தைவிட எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: சந்திப்பு இருவரின் விருப்பமாக இருக்க வேண்டும், கேமரா அதில் மூன்றாம் ஆளாக உட்காரக்கூடாது.

இனி தராசு. வாயும் இமையும் வேலை செய்கின்றன, கன்னமும் நெற்றியும் கழுத்தும்தான் போயிருக்கின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம், தன் சதைதான். நம் நாட்டில் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களில் பலர் இந்த வகை. அவர்களுக்குத் தேவை நல்ல பிளாஸ்டிக் சர்ஜரியும் பிசியோதெரபியும், பாதியில் நின்றுபோகாத சிகிச்சைச் செலவும். மூக்கோ காதோ மட்டும் என்றால் சிலிகானும் போதும். உதடு இரண்டும் போய், தாடை போய், மூச்சுக்குக் கழுத்தில் துளை, சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் என்றிருப்பவர், சீரமைப்பில் போன தூரம் போய்ப் பார்த்து, நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிடும் ஒழுங்கும் கூட நிற்கும் குடும்பமும் உள்ளவர் என்றால், நான்காவது வழி அவருடைய உரிமை என்பேன். பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம். பார்ட்ரிட்ஜ் சொன்னதுதான் சரி.

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் பல முகமாற்றுகளுக்கு ராணுவ ஆராய்ச்சி நிதி கைகொடுத்தது. கொச்சியில் 2015லிருந்து கைமாற்று நடக்கிறது. இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வரும். அப்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவமனையிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: பத்தாம் ஆண்டு மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டப்போவது யார், முகம் அழுகினால் அன்றைக்கு என்ன செய்வீர்கள். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், எழுந்து வந்து முப்பத்தோராவது சீரமைப்புக்குத் தேதி வாங்கிக்கொள்ளலாம்.